ஐந்து குதிரைகள்

கனடா தேசத்துக்கும் லப்பைக்குடிக்காட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று சென்ற மாதம் யாராவது கேட்டிருந்தால், "ஒரு சம்பந்தமும் இல்லை" என்று யோசிக்காமலே சொல்லியிருப்பேன். அங்கே வருஷத்தில் பாதி நாள் பனி. இங்கே வருஷத்தில் பாதி நாள் வெயில். மீதிப் பாதியில் அதைவிடக் கொஞ்சம் குறைவான வெயில். அங்கே ஆறு உறைந்து போகிறது. இங்கே எங்கள் வெள்ளாறு உறைவதற்கு முதலில் தண்ணீர் வேண்டும்!

ஆனால் கனடாவில் உத்தியோகம் பார்க்கும் என் தங்கை மகன் விடுமுறைக்கு வந்தபோது ஒரு படத்தைக் காட்டினான். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் ரப்பர்ச் சங்கிலிப் பட்டை, நடுவில் ஓர் எஞ்சின், அதன்மேல் கம்பளிப் பொதிபோல் ஒரு மனிதன். பனியில் ஓடும் வண்டியாம்.

"இதைப் பற்றி அங்கே ஓயாத சண்டை, மாமா! சின்ன எஞ்சினா, பெரிய எஞ்சினா? எதற்கு வேகம் அதிகம்? எது ரொம்ப நாள் உழைக்கும்? குளிர்காலம் முழுக்க இதே பேச்சுதான்" என்றான்.

நான் சிரித்துவிட்டேன். அவனுக்குக் காரணம் புரியவில்லை. அவன் சொன்ன சண்டையை வார்த்தைக்கு வார்த்தை நான் கேட்டிருக்கிறேன். எங்கே என்றால், லப்பைக்குடிக்காட்டுக் கடைவீதியில், ஆயில் எஞ்சின் பழுது பார்க்கும் ஒரு கொட்டகையின் வாசலில், அரை நிஜார் போட்ட காலத்தில். சிரித்த மறு நிமிஷமே மனத்தில் ஒரு முள் தைத்தது. அந்த முள்ளைப் பற்றிப் பிறகு சொல்லுகிறேன். முதலில் கொஞ்சம் பழங்கதை.

இப்போது பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கும் லப்பைக்குடிக்காடு, 1995 வரையில் விரிந்து கிடந்த திருச்சி ஜில்லாவின் ஒரு மூலை. ஊரை ஒட்டி வெள்ளாறு. அக்கரைக்குப் போனால் கடலூர் மாவட்டம். ஆறு பக்கத்தில் இருக்கிறதே, தண்ணீருக்கு என்ன குறை என்று நினைக்காதீர்கள். மழைக்காலத்தில் இரு கரையும் தொட்டு ஓடும் ஆறு, சித்திரை மாதத்தில் வெறும் மணல்வெளி. ஆற்றங்கரையை விட்டு ஒரு மைல் தள்ளிவிட்டால் உழவனுக்குக் கிணறுதான் தெய்வம். அந்தத் தெய்வம் முப்பது அடி, நாற்பது அடி ஆழத்தில் குடிகொண்டிருக்கும். அதை மேலே கொண்டுவருவதற்குத்தான் இத்தனை பாடும்.

என் பாட்டனார் காலத்தில் கவலை இறைத்தார்கள். கிணற்று மேட்டில் சரிவாக வெட்டிய பாதையில் இரண்டு மாடுகள் முன்னும் பின்னுமாக நடக்க, தோல் சால் தண்ணீரை மொண்டுகொண்டு மேலே வரும். விடியற்காலை நாலு மணிக்கு ஆரம்பித்தால் வெயில் ஏறும் வரையில் நடக்கும். ஒரு ஜோடி மாடு தொடர்ந்து செய்யும் வேலை ஏறக்குறைய ஒரு குதிரை சக்தி என்று பொறியியல் புத்தகங்கள் சொல்லுகின்றன. இந்தக் 'குதிரை' என்ற கணக்கை உண்டாக்கியவர் நீராவி யந்திரத்தைச் செப்பனிட்ட ஜேம்ஸ் வாட். ஒரு நிமிஷத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயரம் தூக்கினால் அது ஒரு குதிரை. யந்திரத்தை விற்கப் போனவரிடம், "இது எத்தனை குதிரைக்குச் சமம்?" என்று வாங்குகிறவன் கேட்பான் அல்லவா? அந்தக் கேள்விக்குப் பிறந்த பதில் இது.

ஐந்து குதிரை இருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு காலன் தண்ணீர் பத்துப் பவுண்டு. நாற்பது அடிக் கிணற்றிலிருந்து நிமிஷத்துக்கு 412 காலன் மேலே வர வேண்டும். பம்பும் குழாயும் பாதியைத் தின்றுவிட்டாலும் 200 காலன் நிச்சயம். கவலை மாட்டின் வாலைப் பிடித்தே வயது போக்கியவனுக்கு இந்தக் கணக்கு எப்படி இருந்திருக்கும்! வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் காதில் கேட்டிருக்கும்.

இந்தக் கணக்கை நம் நாட்டில் முதன்முதலில் ஊன்றிப் போட்டவர்களுள் ஒருவர் ஆல்பிரட் சாட்டர்டன். சென்னை இஞ்சினீயரிங் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். சென்னையில் அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கு வித்திட்டவரும் இவரே. 1900-களின் தொடக்க வருஷங்களில் எண்ணெய் யந்திரத்தையும் பம்பையும் கிணற்றில் பொருத்தி இறைத்துக் காட்டினார். வெறும் மேஜைப் பண்டிதர் அல்ல; மாடுகளைக் கொண்டு இறைக்கும் முறைகளையும் கவனமாக ஆராய்ந்து, யந்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தவர். கிணற்றுப் பாசனத்தைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். சர்க்கார் தொழில் நடத்துவது தகாது என்று 1910-இல் சீமையிலிருந்து மார்லி பிரபு தடை போட்டது தனிக் கதை.

அந்தக் காலத்து எண்ணெய் யந்திரங்கள் கிளம்புவதற்கு அடம் பிடிக்கும். தலையில் உள்ள குமிழை ஊது விளக்கினால் பழுக்கக் காய்ச்சிய பிறகுதான் முதல் வெடி வெடிக்கும். ஜெர்மனியில் ருடால்ப் டீஸல் 1897-இல் வெற்றி கண்ட யந்திரத்துக்கு அந்தக் குமிழ் வேண்டியதில்லை. காற்றை அமுக்குவதில் பிறக்கும் சூடே எண்ணெயைப் பற்றவைத்தது. ஆனால் அதன் உருளையின் கொள்ளளவு கிட்டத்தட்ட 20 லிட்டர். தந்த சக்தியோ 20 குதிரைக்குள். ஒரு குதிரைக்கு ஒரு லிட்டர் வயிறு! பத்தடி உயர ராட்சதனைக் கிணற்று மேட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது?

அதைச் சாத்தியமாக்கியவற்றுள் நம் ஊர்க்காரர்கள் நன்கு அறிந்தது, இங்கிலாந்தில் டர்ஸ்லி என்னும் சிற்றூரில் செய்த லிஸ்டர் எஞ்சின். 1930-ஐ ஒட்டி வந்த அதன் பெயரிலேயே 'குளிர்ந்த நிலையில் கிளம்புவது' என்ற பொருள் அடங்கியிருந்தது. விளக்கும் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம். கைப்பிடியை மாட்டிப் பெரிய சக்கரத்தைச் சுற்றி, வேகம் பிடித்ததும் வால்வு நெம்புகோலைத் தட்டிவிட்டால் போதும். 'டொக்... டொக்... டொக்...' என்று ஆரம்பித்துவிடும். ராஜ்கோட் பட்டறைகள் அதே வார்ப்பில் எஞ்சின் செய்ய ஆரம்பித்து, டர்ஸ்லி கைவிட்ட பிறகும் செய்து வந்தன. அமெரிக்காவில் மின்கம்பி எட்டாத காட்டில் வீடு கட்டிக்கொண்டவர்கள்கூட அவற்றைத் தேடி வாங்கினார்கள்.

இதற்குப் பின் நம் நாட்டிலேயே வேறொரு வகை வந்தது. 1946-இல் தொடங்கிய கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின் கம்பெனி, புனாவிலிருந்து ஏ.வி.1 என்ற சிறிய எஞ்சினை நாடெங்கும் அனுப்பியது. இதற்கும் ஐந்து குதிரை. இப்போது கடைகளில் விற்கும் பெட்ரோல் எஞ்சின் ஒன்று உண்டு. ஹோண்டாவின் ஜி.எக்ஸ்.160 என்பது அதன் பெயர். ஒரு கையால் தூக்கிவிடலாம், 15 கிலோதான். அதற்கும் ஏறக்குறைய ஐந்து குதிரை.

மூன்றும் ஐந்து குதிரை! அப்படியானால் முந்நூறு கிலோவுக்கு மேல் கனக்கும் லிஸ்டரை வாங்கியவன் மடையனா?

இங்கேதான் வாசகர்கள் என்னோடு சற்றுப் பொறுமையாக ஒரு பெருக்கல் கணக்குப் போட வேண்டும். நாவல் எழுதுகிறவன் கணக்குப் போடலாமா என்று கேட்காதீர்கள். கதையைவிட ருசியான கணக்கு இது.

லிஸ்டரின் வயிறு 1,433 சி.சி.; நிமிஷத்துக்கு 600 சுற்று. இரண்டையும் பெருக்கினால் 8,59,800. ஏ.வி.1-இன் வயிறு 553 சி.சி.; சுற்று 1,500. பெருக்கினால் 8,29,500. பார்த்தீர்களா? இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். யானை ஒரு கவளம் உண்ணும் நேரத்தில் ஆடு பல தடவை மேய்கிறது. ஒவ்வொரு வெடியும் பிஸ்டனை அமுக்கும் அழுத்தம் இரண்டிலும் ஒன்றே. ஒன்று பெரிய வாயால் மெதுவாகவும், மற்றொன்று சிறிய வாயால் அவசரமாகவும் சாப்பிடுகிறது, அவ்வளவுதான்.

பெட்ரோல் எஞ்சினைப் பாருங்கள். 163 சி.சி.; 3,600 சுற்று. பெருக்கினால் 5,86,800தான் வருகிறது. அப்படியானால் ஐந்து குதிரை எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு வெடியும் இன்னும் கடுமையாக அமுக்கினால்தான் வரும். அதாவது, முழுமூச்சைப் பிடித்து இழுத்தால் ஐந்து. மற்ற இரண்டுக்கும் தகட்டில் போட்டிருப்பது காலை முதல் மாலை வரை இழுக்கக்கூடிய ஐந்து. பன்னிரண்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் பத்தில் ஒரு பங்கு அதிகமாகக் கேட்டாலும் கொடுக்க வேண்டும் என்பது அத்தகைய எஞ்சின்களுக்கு விதி. ஓடிக் காட்டும் குதிரைக்கும் உழுது காட்டும் குதிரைக்கும் வித்தியாசம் இல்லையா?

ஆகவே குதிரை சக்தி என்பது மூன்று சங்கதிகளின் பெருக்கல்: வயிற்றின் அளவு, ஒவ்வொரு வெடியின் கடுமை, நிமிஷத்துக்கு எத்தனை வெடி என்ற எண்ணிக்கை. முதலாவதைக் கூட்டினால் எடையும் விலையும் ஏறும். இரண்டாவதைக் கூட்டினால் பிஸ்டனும் பேரிங்கும் அடி வாங்கும். மூன்றாவதைக் கூட்டினால் தேய்மானம் ஏறும். லிஸ்டர் மணிக்கு 36,000 தடவை சுற்றுகிறது, ஏ.வி.1 தொண்ணூறாயிரம் தடவை. பெட்ரோல் எஞ்சின் இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம் தடவை. ஒரு சுற்றுக்கு ஒரு துளி ஆயுள் என்று வைத்துக்கொண்டால், யார் பானை முதலில் காலியாகும் என்று சொல்ல ஜோசியர் வேண்டுமா?

எடை என்பது வெறும் பாரமும் அல்ல. கனமான வார்ப்பு சூட்டை வாங்கித் தாங்கிக்கொள்ளும். கனமான சக்கரம் ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் இடையில் வேகத்தைக் காப்பாற்றும். மண் கலந்த எண்ணெயையும், மாதக்கணக்கில் மாற்றாத மசகெண்ணெயையும் நம் ஆட்களின் சம்மட்டி வைத்தியத்தையும் மன்னித்துவிடும். இரும்புக்கு மன்னிக்கும் குணம் எடையில் இருக்கிறது.

இதெல்லாம் 1975-ஆம் வருஷத்தில் என் தகப்பனாருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, அப்போது எனக்குப் பதினோரு வயது.

எங்கள் கிணறு பங்காளிக் கிணறு. முறை வைத்து இறைக்க வேண்டும். எங்கள் முறை காலையில் நாலு மணி நேரம். பங்காளி வீட்டில் பழைய பெரிய எஞ்சின் மேட்டில் உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து நீண்ட பெல்ட் கீழே பள்ளத்தில் உள்ள பம்புக்குப் போகும். மேலே வைத்த பம்பு இருபது, இருபத்தைந்து அடிக்குக் கீழேயிருந்து தண்ணீரை உறிஞ்சாது என்பதால் இந்த ஏற்பாடு. தண்ணீர் இறங்க இறங்க அவர்கள் பெல்ட்டோடு மல்லுக்கட்டுவார்கள். அப்பா புத்திசாலி. கடன் வாங்கிச் சிறிய எஞ்சினாக, பம்போடு சேர்த்து ஒரே அடித்தளத்தில் பூட்டியதாக வாங்கினார். தண்ணீர் இறங்கினால் நாலு பேர் பிடித்துக் கிணற்றுத் திட்டுக்கு இறக்கிவிடலாம். அந்த யோசனையில் ஒரு பிழையும் இல்லை. அது எந்தக் கம்பெனி எஞ்சின் என்பது இங்கே அவசியம் இல்லை. அதன்மேல் குற்றமும் இல்லை.

அந்தக் கோடையில் கடலைச் செடி விழுது இறங்கும் சமயம். நாலு மணி நேர முறையில் கடைசி இரண்டு பாத்திக்குத் தண்ணீர் எட்டவில்லை. ஒரு நாள் அப்பா ஸ்பானரை எடுத்துக்கொண்டு எஞ்சின் பக்கம் உட்கார்ந்தார். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற உறுப்பில் ஒரு ஸ்பிரிங்கும், அதை இறுக்க ஒரு நட்டும் உண்டு. நட்டின் மேல் சிவப்பு வர்ணத்தில் ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு மறையும்படி அப்பா இறுக்கினார். எஞ்சின் 'ஓ' என்று இரைந்தது. குழாயில் தண்ணீர் எம்பிக் குதித்தது. அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது குறைவு.

மூன்றாம் நாள் எஞ்சின் கரும்புகை கக்கியது. நாலாம் நாள் ஒரு கீச்சுக் குரல் எழுப்பிவிட்டு அப்படியே நின்றது. கைப்பிடியைப் போட்டு இரண்டு பேர் சுற்றியும் அசையவில்லை.

என்ன நடந்தது? பம்பின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் தண்ணீரும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் கூடும். ஆனால் அதற்கு வேண்டிய சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்றபடி கூடும்; அதாவது 1.2-ஐ மூன்று தடவை பெருக்க வேண்டும். 1.73 வரும். ஐந்து குதிரைச் சுமை எட்டரைக் குதிரையை நோக்கி ஓடும். இரண்டு பாத்தித் தண்ணீருக்காக அப்பா அந்த எஞ்சினிடம் மூன்றரைக் குதிரை கூடுதலாகக் கேட்டார். அது மூன்று நாள் கொடுத்துவிட்டுச் செத்துப் போயிற்று. பிஸ்டன் சூட்டில் பருத்து, லைனரைக் கவ்விக்கொண்டு விட்டது.

அப்பா லப்பைக்குடிக்காட்டுக்கு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். எஞ்சினை ஒரு மாதத்துக்கு முன்புதான் கொட்டகைக்காரப் பாய் பிரித்துச் சரி பார்த்துக் கொடுத்திருந்தார். கடைவீதி நடுவில், பத்துப் பேர் பார்க்க, "நீ பார்த்த வேலைதான் பாய் இது! பழைய ரிங்கைப் போட்டு என் குடியைக் கெடுத்தே!" என்று அப்பா கூச்சல் போட்டார். பாய் ஒன்றும் பேசவில்லை. கட்டை வண்டியில் வந்த எஞ்சினை இறக்கிப் பிரித்தார். கவர்னர் மூடியைக் கழற்றியவர் ஒரு கணம் நின்றார். பிறகு என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த வருஷம் கடலை போயிற்று. கடன் நின்றது. எங்கள் ஊர்க்காரர்கள் பலர் அந்தக் கொட்டகைக்குப் போவதை நிறுத்தி, எஞ்சினை அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். எனக்குத் தெரிந்த உண்மையை நான் யாரிடமும் சொல்லவில்லை. கதை எழுதுகிறவனாகி, எத்தனையோ பேருடைய பொய்யையும் கோழைத்தனத்தையும் பக்கம் பக்கமாக எழுதினேன். இதை எழுதவில்லை.

இப்போது பனிவண்டிக்கு வருவோம். மருமகன் போன பிறகு அதன் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்ற சிற்றூர். அங்கே ஜோசப் ஆர்மண்ட் பொம்பார்டியே என்ற மெக்கானிக். 1934-ஆம் வருஷக் குளிர்காலத்தில் அவருடைய சிறு குழந்தைக்குக் குடல்வால் நோய் கண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சாலை இல்லை. எல்லாம் பனி மூடிக் கிடந்தது. பனியில் ஓடும் வண்டிக்காக அவர் செய்துகொண்டிருந்த சோதனைகள் அப்போது முடியவில்லை. குழந்தை இறந்தது.

பிற்பாடு, பல் சக்கரமும் ரப்பர்ப் பட்டையும் கொண்ட பெரிய பனிவண்டிகளை அவர் செய்தார். ஏழு பேர், பன்னிரண்டு பேர் போகலாம். டாக்டர்கள் போனார்கள், தபால் போயிற்று, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனார்கள். ஆனால் ஒருவர் இருவர் மட்டும் ஏறிப்போகும் சிறு வண்டி என்ற அவருடைய ஆசை மட்டும் வருஷக்கணக்கில் நிறைவேறவில்லை. காரணம் என்ன தெரியுமா? எஞ்சின்தான். பலமான எஞ்சின் கனமாக இருந்தது. கனமான வண்டி பனியில் புதைந்தது. லேசான எஞ்சினுக்காக அவர் காத்திருந்தார். 1950-களில் நம்பத்தக்க லேசான எஞ்சின்கள் கிடைத்தன. 1959-இல் 'ஸ்கீ-டூ' வெளிவந்தது. அதன் எஞ்சின் ஏழே ஏழு குதிரை!

எங்கள் அப்பா கிணற்றுத் திட்டுக்கு இறக்கக்கூடிய எஞ்சினைத் தேடியதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? பனியில் எடை எதிரி. ஆழக் கிணற்றிலும் எடை எதிரி. பெரிய எஞ்சின்தான் எப்போதும் சிறந்தது என்று பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பயிருக்கு மருந்து தெளிக்கிறவன் முதுகில் லிஸ்டரைக் கட்ட முடியுமா?

ஏழு குதிரையில் தொடங்கிய பனிவண்டி இன்று 850 சி.சி. எஞ்சினில் 165 குதிரை இழுக்கிறது. நிமிஷத்துக்கு எண்ணாயிரம் சுற்றை ஒட்டி ஓடும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடி வெடிக்கும் 'டூ-ஸ்ட்ரோக்' எஞ்சின் அது. லிஸ்டர் ஒரு லிட்டர் வயிற்றுக்கு மூன்றரைக் குதிரை கொடுத்தது. இது கிட்டத்தட்ட இருநூறு கொடுக்கிறது. உலோகம் மாறியிருக்கிறது, எண்ணெய் மாறியிருக்கிறது, எரிபொருளை மில்லிகிராம் கணக்கில் அளந்து ஊற்றும் மின் மூளை வந்திருக்கிறது. ஆனால் லிஸ்டரைப்போல் இரண்டு தலைமுறைக்கு அது உழைக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. மனித நடமாட்டம் இல்லாத பனிக்காட்டில் அது நின்றுவிட்டால், கடலை போவதோடு முடியாது, ஆளே போய்விடலாம். மருமகனின் நண்பர்கள் குளிர்காலம் முழுவதும் சண்டை போடுவது வீண் சண்டை அல்ல.

நம் சென்னையிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. 1955-இல் தொடங்கிய என்பீல்டு இந்தியா கம்பெனி, திருவொற்றியூரில் செய்த புல்லட் மோட்டார் சைக்கிள்: 346 சி.சி., 18 குதிரை. பட்டாளத்துக்காரர்கள் அதை இமயமலை எல்லைக்குக் கொண்டுபோனார்கள். அதிகமாகக் கேட்காததால் அது அதிக நாள் ஓடியது. அதே வம்சத்தில் 2023-இல் வந்த புதிய ஹிமாலயன் 452 சி.சி.யில் 40 குதிரை இழுக்கிறது. அதற்குத் தண்ணீர்க் குளிர்ச்சியும் எண்ணாயிரம் சுற்றும் வேண்டியிருக்கிறது. மனிதன் கேட்பது கூடிக்கொண்டே போகிறது. இரும்பும் தன்னால் ஆனவரை கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

நிற்க. மருமகன் ஊருக்குப் போன மறுவாரம் நான் லப்பைக்குடிக்காட்டுக்குப் பஸ் ஏறினேன்.

ஊர் மாறிவிட்டது. அக்கரைச் சீமைப் பணத்தில் எழும்பிய மாடி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. எஞ்சின் சத்தம் எங்கும் கேட்கவில்லை. 1990 முதல் உழவர்களுக்கு இலவச மின்சாரம். கிணற்றடியில் மோட்டார்தான் முனகுகிறது. எஞ்சின்கள் மின்வெட்டுக்குக் காவலாக மூலையில் உட்கார்ந்திருக்கின்றன. கொட்டகை இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை. விசாரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பாய் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தொண்ணூறை நெருங்கும் வயது. கண் மங்கல், காது மட்டும் கூர்மை. எஞ்சின் கேட்டுப் பழகிய காது.

இன்னாருடைய மகன் என்று சொன்னேன்.

"வாங்க தம்பி, உக்காருங்க. அண்ணன் காலமாயிட்டதாக் கேள்விப்பட்டேன். வர முடியலை" என்றார்.

தண்ணீர் வந்தது, தேநீர் வந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கடைசியில் சுற்றி வளைக்காமல் சொன்னேன். "பாய், அந்த எஞ்சின் ஜாம் ஆனது உங்க வேலையால இல்லை. அப்பா கவர்னரை இறுக்கினார். நான் பக்கத்திலேயே இருந்தேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

பாய் சிறிது நேரம் பேசவில்லை. "தெரியும் தம்பி. கோடு விலகியிருந்துச்சே! சிவப்புக் கோடு நான் போட்டதுதானே?" என்றார்.

"அப்படியானால் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை? பத்துப் பேர் இருந்தார்களே!"

"பத்துப் பேர் இருந்ததாலதான் சொல்லலை. கடன் வாங்கின மனுசன், பயிர் காயுற நேரம். அவரை எல்லார் முன்னாலேயும் முட்டாளாக்கினா எஞ்சின் ஓடிடுமா? நட்டைப் பழைய இடத்திலே வெச்சு, கோட்டை அழிச்சுப் புதுசாப் போட்டுக் குடுத்தேன். பாதிக் கூலிதான் வாங்கினேன். அது உங்களுக்குத் தெரியாது."

எனக்குத் தெரியாதுதான். என் தொண்டை அடைத்துக்கொண்டது.

"அதுக்கு அடுத்த வருசம் மாட்டுப் பொங்கலன்னிக்கு உங்க அப்பா ஒரு மூட்டைக் கடலை கொண்டாந்து இறக்கினாரு. ஒரு வார்த்தை பேசலை. நானும் கேக்கலை. கணக்கு அன்னிக்கே தீந்துபோச்சு தம்பி. நீங்கதான் இவ்வளவு நாளாச் சுமந்துகிட்டு இருந்திருக்கீங்க."

எழுந்திருக்கும்போது ஒரு கேள்வி கேட்டேன். கனடாக்காரர்கள் குளிர்காலம் முழுவதும் கேட்கும் கேள்விதான். "ஐம்பது வருஷம் எஞ்சின் பார்த்தீர்கள். சின்ன எஞ்சின் நல்லதா, பெரிய எஞ்சின் நல்லதா?"

பாய் யோசிக்கவே இல்லை. "ரெண்டும் நல்லதுதான். அஞ்சுன்னு எழுதியிருந்தா நாலு கேளுங்க. நாலு கேட்டா பேரப்பிள்ளை காலத்துக்கும் ஓடும். அஞ்சு கேட்டா உங்க காலத்துக்கு ஓடும். ஆறு கேட்டா..." என்று சொல்லி, மங்கிய கண்களை என் பக்கம் திருப்பிச் சிரித்தார்.

திரும்பும்போது பஸ் வெள்ளாற்றை ஒட்டி வந்தது. மணல்வெளி நிலா வெளிச்சத்தில் வெள்ளை வெளேரென்று பரந்து கிடந்தது. அது மணல்தானா, பனியா என்று ஒரு கணம் எனக்குச் சந்தேகமாக இருந்தது. மருமகனுக்கு அன்றிரவே கடிதம் எழுதினேன். எஞ்சினைப் பற்றி நான்கே வரிதான். மீதியெல்லாம் அவன் பார்த்திராத தாத்தாவைப் பற்றியும், தாத்தா இறக்கிவைத்த ஒரு மூட்டைக் கடலையைப் பற்றியும்.